கோரைப்பல்லுக்கு அடுத்த பல்

திருவானைக்காவல்
4-4-1959

நல்லுசாமி அண்ணன் அவர்களுக்கு வேலம்மாள் எழுதுவது.

சுகம் விசாரித்துத் தொடங்க மனசு வரவில்லை. ஜெயிலில் இருக்கிறவரிடம் சுகமா என்று கேட்பதும், புருஷன் செத்துப் பத்து நாளானவள் சுகம் என்று எழுதுவதும் பொருத்தமாக இல்லை.

நடந்ததை யாரிடமிருந்தோ கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். பங்குனி பன்னிரண்டாம் தேதி ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. கொள்ளிடத்தில் மணல் அள்ளிய வண்டிக்காரர்கள் எலும்புகளைக் கண்டார்களாம். மண்டை ஓட்டின் பின்பக்கம் விரிசல் விட்டிருந்ததாம். என்னை உட்காரவைத்து இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"உங்க வீட்டுக்காரர் பிச்சமுத்து காணாமப் போயி எத்தனை நாளாச்சும்மா?"

"இந்த ஆடி வந்தா ரெண்டு வருஷங்க. கோவிச்சுக்கிட்டுப் போறதும் வாறதும் வழக்கம்தான்னு இருந்துட்டேன்."

"அவரு பல்லுல ஏதாவது அடையாளம் உண்டா?"

நான் யோசிக்கவே இல்லை, அண்ணே. "கீழ்வரிசையில, எடப்பக்கம், கோரைப்பல்லுக்கு அடுத்த பல்லு கெடையாதுங்க. வீங்கிப் போயி, மெயின்கார்டு கேட் பக்கத்துல டாக்டர்கிட்டப் புடுங்குனோம்" என்று சொன்னேன். மேசைமேல் பேப்பர் விரித்து ஒரு கீழ்த்தாடையை வைத்திருந்தார்கள். துணியை விலக்கிக் காட்டினார்கள். கோரைப்பல் இருந்தது. அதற்கு அடுத்த இடத்தில் பல் இல்லை.

மறுநாள் காலையில் உங்களைப் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் பிடித்துவிட்டார்கள். அவர் காணாமல் போன அன்றைக்குக் கொள்ளிடக் கரையில் நீங்களும் அவரும் அடித்துக்கொண்டதைப் பார்த்ததாகப் பரிசல்காரர் வீரமலை எழுதிக் கொடுத்திருக்கிறார். என் வாயும் அவர் கண்ணும் சேர்ந்து உங்களைக் கொண்டுபோய் அங்கே விட்டிருக்கின்றன.

என் கழுத்தில் கிடந்ததை அவர் வீட்டுப் பெண்கள் வந்து கழற்றிப் போனார்கள். வருகிற வியாழக்கிழமை பதினாறாம் நாள் காரியம். எலும்பைக் கேஸ் முடியும்வரை தர மாட்டார்களாம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். போலீஸுக்காக இல்லை, எனக்காக. அன்றைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். தனியாகத் திரும்பி வந்தீர்கள். "போயிட்டான், விடு" என்றீர்கள். அது நீங்கள்தானா?

வேலம்மாள்


திருச்சி மத்திய சிறை
12-4-1959

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் உடைத்துப் படித்த பிறகு என் கைக்கு வந்தது. இதுவும் அப்படித்தான் உன் கைக்கு வரும். அதனால் நீ கேட்டதற்கு இதில் பதில் இல்லை.

நீ போலீஸிடம் சொன்னது உண்மைதானே. அதற்காக வருத்தப்பட்டுக்கொண்டு இருக்காதே. பல் இல்லை என்றால் இல்லை என்றுதானே சொல்ல முடியும்.

என்னைப் பார்க்க வராதே. பார்வையாளர்கள் வரிசையில் உன்னை நிற்கவைத்துப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. வக்கீல் வைக்கவும் வேண்டாம். அவர் வந்து கேட்பார், நான் சொல்ல வேண்டும், அதை அவர் வேறு மாதிரி சொல்லுவார். எதற்கு அதெல்லாம்?

இங்கே என்னோடு இருப்பவர் செபஸ்தியான் என்று மணப்பாறைக்காரர். சாப்பாட்டில் பாதி அவருக்குத்தான் போகிறது. எனக்கு இறங்கவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை.

காரியம் நல்லபடியாக முடிந்திருக்கும் என்று நம்புகிறேன். சாப்பிடு. பட்டறைக்குப் போ. வீட்டிலேயே உட்கார்ந்திருக்காதே.

நல்லுசாமி


திருவானைக்காவல்
20-4-1959

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை ஏழு எட்டு முறை படித்தேன். 'இல்லை' என்று ஒரு சொல் எழுத ஜெயிலில் யாரும் தடுக்க மாட்டார்களே. அதை நீங்கள் எழுதவில்லை. வக்கீல் வேண்டாம் என்கிறீர்கள்.

நீங்கள் வேண்டாம் என்றாலும் வக்கீல் வைத்துவிட்டேன். சகாயநாதன் என்று பெயர். பட்டறையில் என் பக்கத்தில் உட்கார்ந்து மோதிரக் கல்லுக்குப் பட்டை தீட்டுகிற வஹீதா சொல்லிவிட்ட ஆள். நிதானமானவர். நான் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டு, "பல்லு ஒண்ணுதாம்மா கேஸே. அது இல்லேன்னா அந்த எலும்பு யாருதுன்னே அவங்களால சொல்ல முடியாது" என்றார். அந்தப் பல்லைச் சொன்னது நான்.

அதுவும் போதாதென்று, பல்லைப் பிடுங்கிய டாக்டர் அற்புதசாமியிடமும் போலீஸ் போய் எழுதி வாங்கிவிட்டது. அவர் நோட்டில் தேதி போட்டு வைத்திருந்தாராம். 1955 தை மாதம், பிச்சமுத்து, கீழ் இடம், கோரைப்பல்லுக்கு அடுத்தது. நான்தான் அன்றைக்கு அவரோடு போனேன். முகம் வீங்கி மூன்று நாள் கஞ்சிகூட இறங்காமல் கிடந்தார். பிடுங்கி முடித்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் படி இறங்கினார். அவர் அவ்வளவு சாதுவாக என்னோடு நடந்தது அந்த ஒருநாள்தான்.

உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அன்றைக்கு நீங்கள் வந்தபோது கையை முந்தானைக்குள் மறைத்தேனே, அது நீங்கள் பார்க்கட்டும் என்றுதான் சரியாக மறைக்கவில்லை. அவர் வைத்த சூட்டுக் காயத்தைப் பார்த்ததும் நீங்கள் எழுந்துபோவீர்கள் என்று எனக்குத் தெரியும். போங்கள் என்றுதான் நினைத்தேன். இப்போது யோசித்துப் பார்த்தால், அங்கே அடைபட வேண்டியது யார் என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

மே 25 விசாரணை என்று வக்கீல் சொன்னார். பதில் எழுதுங்கள்.

வேலம்மாள்


3-5-1959

தங்கச்சி,

இதைக் கொண்டுவருபவர் செபஸ்தியான். இன்றைக்கு விடுதலை. சட்டைக்குள் வைத்து எடுத்து வருகிறேன் என்று ஒத்துக்கொண்டார். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். நான்தான்.

உன் கையைப் பார்த்த பிறகு அவனைப் பேசலாம் வா என்று கூட்டிக்கொண்டு கொள்ளிடக் கரைக்குப் போனேன். பொழுது சாயவில்லை. ஆற்றில் கரை முட்டத் தண்ணீர். "தங்கச்சி கையில சூடு போட்டது யாரு?" என்று கேட்டேன். "என் பொண்டாட்டி, என் வீடு. நீ உன் வேலையைப் பாரு" என்றான். கன்னத்தில் அறைந்தேன். அவன் என் கழுத்தைப் பிடித்தான். பரிசல் தள்ளுகிற மூங்கில்கோல் ஒன்று கிடந்தது. அதை எடுத்து அடித்தேன். ஒரு அடியா, ரெண்டு அடியா என்று ஞாபகம் இல்லை. தோளிலா தலையிலா என்றும் தெரியவில்லை. சரிவில் உருண்டு தண்ணீரில் விழுந்தான். தலை ஒருதரம் மேலே வந்தது. பிறகு வரவில்லை. கரையோரமாகவே ரொம்பத் தூரம் ஓடினேன். கூப்பிட்டுக்கொண்டே ஓடினேன். ஒன்றும் இல்லை.

உன்னிடம் வந்து "போயிட்டான்" என்றேன். அது பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒருவேளை நீந்திக் கரையேறி எங்காவது போயிருப்பான் என்று ரெண்டு வருஷமாக நினைக்கப் பார்த்தேன். ஒர்க்‌ஷாப்பில் யாராவது பின்னால் வந்து தோளைத் தொட்டால் உடம்பு தூக்கிப் போடும். மண்டை ஓடு கிடைத்தது என்றதும், சொன்னால் நம்ப மாட்டாய், கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

25ஆம் தேதி மாஜிஸ்திரேட் கேட்கும்போது ஒத்துக்கொள்ளப் போகிறேன். வக்கீலிடம் சொல்லிவிடு. தூக்கு என்றாலும் சரி, ஆயுள் என்றாலும் சரி. நீ கையை மறைத்தாய், மறைக்கவில்லை என்றெல்லாம் எழுதாதே. கோலை எடுத்தது என் கை.

நல்லுசாமி


திருவானைக்காவல்
9-5-1959

அன்புள்ள அண்ணனுக்கு,

செபஸ்தியான் வந்து உங்கள் உடம்பு விஷயத்தைச் சொன்னார். சீட்டை நீங்கள் சொன்னபடியே பத்திரம் பண்ணிவிட்டேன். நீங்கள் 25ஆம் தேதி சாப்பிடுவதாகச் சொன்ன மருந்தைச் சாப்பிட வேண்டாம். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். வியாதியே வேறாக இருக்கலாம்.

ஏன் என்று கேளுங்கள். செபஸ்தியான் வந்துபோன மறுநாள் எனக்கு வீட்டில் இருக்க முடியவில்லை. டவுன் பஸ் ஏறி மெயின்கார்டு கேட்டில் இறங்கி டாக்டர் அற்புதசாமியிடம் போனேன். எதற்குப் போனேன் என்று எனக்கே தெரியாது. சண்டை போடத்தான் போயிருப்பேன். ஏன் எழுதிக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன்.

அவர், "நோட்டுல இருந்ததைத்தாம்மா சொன்னேன். நான் அந்தத் தாடையைப் பார்க்கவே இல்லை. காட்டவும் இல்லை" என்றார். பிறகு, "நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"பாத்தேனுங்க. பல்லு இருந்த எடத்துல குழிதான் இருந்துச்சு."

"குழியா? ஆழமா?"

"தீக்குச்சி விட்டா உள்ள போவும்ங்க. மணல் அடைச்சிருந்துச்சு. ஓரமெல்லாம் கூரா, பட்டை போடாத கல்லு ஒடைஞ்ச மாதிரி இருந்துச்சு."

நான் காலையிலிருந்து சாயந்திரம்வரை கல்லின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறவள், அண்ணே. சாவைப் பார்க்கும்போதும் கண் அங்கேதான் போயிருக்கிறது.

டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கையில் இருந்த சாமானைக் கீழே வைத்தார். "பல்லைப் புடுங்குனா அந்தக் குழி அப்படியே இருக்காதும்மா. எலும்பு வளந்து மூடிக்கும். ஆறு மாசம், மிஞ்சிப்போனா ஒரு வருஷம். அப்புறம் தடவிப் பாத்தா வழவழன்னு இருக்கும். உங்க வீட்டுக்காரருக்கு நான் புடுங்கி ரெண்டரை வருஷம் கழிச்சுத்தானே அவரு காணாமப் போனாரு. குழி தொறந்தே இருந்துச்சுன்னா அந்தப் பல்லு உயிரோட இருக்கையில போனதில்ல. செத்த பெறகு, சதை அழுகி, தானா உதுந்தது. ஒத்தை வேர்ப்பல்லு அப்படி உதுரும்" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னேன். திரும்பவும் சொன்னார். அப்போதுதான் உட்கார்ந்தேன்.

டாக்டர் அந்தத் தாடையை நேரில் பார்க்க அனுமதி வேண்டும் என்று வக்கீல் மனுப் போடப் போகிறார். நான் சொன்னது மட்டும் போதாதாம். நான் பயத்தில் பார்த்தவள். குழி என்று நினைத்தது நிழலாகக்கூட இருக்கலாம். டாக்டரே அதையும் சொன்னார். அதை நினைத்தால்தான் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

அதுவரை அந்த மருந்தைத் தொடாமல் இருங்கள். உங்களிடம் இந்த ஒன்றுதான் கேட்கிறேன்.

வேலம்மாள்


திருச்சி மத்திய சிறை
27-5-1959

வேலு,

நேற்று முன்தினம் கோர்ட்டில் உன்னைப் பார்த்தேன். வெள்ளைச் சேலையில் மூலையில் நின்றாய். அதைப் பார்த்ததும் அந்த மருந்தைச் சாப்பிட்டுவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். அதற்குள் உன் வக்கீல் எழுந்து மனுவை நீட்டிவிட்டார். ஜூன் 15க்கு ஒத்திவைத்தார்கள். பத்தாம் தேதி டாக்டர் பார்க்கலாம் என்று மாஜிஸ்திரேட் சொன்னது என் காதில் சரியாக விழக்கூட இல்லை.

நீ எனக்கு ஆசை காட்டுகிறாய். நல்லெண்ணத்தில்தான் செய்கிறாய். ஆனால் ஒன்றை யோசித்துப் பார். அது அவன் இல்லையென்றால் அவன் எங்கே? ரெண்டு வருஷமாக ஒரு ஆள் ஒரு கார்டுகூடப் போடாமல் இருப்பானா? ஆடி மாதத்துக் கொள்ளிடத்தை நீ பார்த்திருக்கிறாய்.

இன்னொன்றும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அது அவன் இல்லை என்று ஆகிவிட்டால் நாளைக்கே அவன் வந்து வாசலில் நிற்கலாம். அதற்கு நீ தயாரா? நான் உள்ளே இருந்தால் உன் பக்கம் நிற்க ஆளில்லை. வெளியே வந்தால் திரும்பவும் அவன் முகத்தில் விழிக்க வேண்டும். எந்தப் பக்கம் விழுந்தாலும் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

15ஆம் தேதிவரை மருந்தைத் தொடாமல் இருக்கிறேன். உனக்காக. அதற்குமேல் என்னைப் பிடித்துவைக்காதே.

நல்லுசாமி


திருவானைக்காவல்
10-6-1959

அன்புள்ள அண்ணனுக்கு,

இது 15ஆம் தேதிக்குள் உங்கள் கையில் கிடைக்க வேண்டும். ஜெயில் ஆபீஸில் இதைப் படிக்கிற ஐயா, தயவுசெய்து தாமதிக்காமல் கொடுத்துவிடுங்கள். இதில் மறைக்க ஒன்றும் இல்லை.

காலையில் பதினோரு மணிக்கு மாஜிஸ்திரேட் அறையில் எல்லோரும் கூடினோம். இன்ஸ்பெக்டர், வக்கீல், டாக்டர் அற்புதசாமி. அடையாளம் சொன்னவள் என்பதால் என்னையும் நிற்கச் சொன்னார்கள். ஒரு சாக்கைக் கொண்டுவந்து வைத்தார்கள். கொள்ளிடத்தில் அள்ளியது அப்படியே மணலோடு இருந்தது.

டாக்டர் தாடையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். அவர் சட்டைப்பையிலிருந்து மெல்லிய கம்பி ஒன்றை எடுத்துக் குழிக்குள் விட்டார். உள்ளே போனது, அண்ணே. ஒரு விரற்கடை ஆழம் போனது. நிழல் இல்லை. நான் பார்த்தது சரிதான்.

இன்ஸ்பெக்டர், "சில பேருக்கு மூடாமலும் இருக்கலாமே டாக்டர்?" என்றார்.

"ரெண்டரை வருஷத்துலயா? இருக்காதுங்க. இந்த ஓரத்தைத் தொட்டுப் பாருங்க" என்றார் டாக்டர். அவர் தொடவில்லை. மாஜிஸ்திரேட் எழுந்து வந்து தொட்டுப் பார்த்தார்.

அதற்குப் பிறகு டாக்டர் கேட்டதுதான் யாரும் நினைக்காதது. "செத்த பெறகு உதுந்த பல்லுன்னா அது எங்கேயும் போயிருக்காது. இந்த மணலைக் கொட்டலாமா?" என்றார். தரையில் துணி விரித்துச் சாக்கைக் கவிழ்த்தார்கள். அவர் முட்டி போட்டு உட்கார்ந்து சலித்தார். வக்கீலும் உட்கார்ந்தார். கூழாங்கல், நத்தை ஓடு, ஏதோ வேர். ரொம்ப நேரம் ஆனது. இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை. நானும் போய் உட்கார்ந்தேன். யாரும் தடுக்கவில்லை.

என் கண்ணில்தான் முதலில் பட்டது. பழுப்பாக, சின்னதாக, ஒற்றை வேரோடு. எடுத்து டாக்டர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் துடைத்துவிட்டு அந்தக் குழியில் இறக்கினார். மோதிரத்தில் கல் உட்காருகிற மாதிரி உட்கார்ந்துவிட்டது. ஆட்டிப் பார்த்தார். இரண்டு பக்கத்துப் பல்லோடும் ஒட்டி நின்றது.

"இந்த மனுஷருக்கு இந்தப் பல் சாகுறவரைக்கும் இருந்திருக்கு. பிச்சமுத்துவோட பல்லை நான் நாலு வருஷத்துக்கு முன்னாடியே புடுங்கி எறிஞ்சிட்டேன். இது அவரு இல்லை" என்றார்.

மண்டை ஓட்டையும் திருப்பிப் பார்த்தார். மேல் அண்ணத்தில், முன்பற்களுக்குப் பின்னால், அரிசி மாதிரி ஒரு சின்னப் பல் தனியாக முளைத்திருந்தது. இதை யாரும் குறித்துவைக்கவில்லை. அவர் சொல்லச் சொல்ல மாஜிஸ்திரேட் எழுதிக்கொண்டார்.

எனக்கு அழுகை வந்தது. சந்தோஷமா என்றால் இல்லை. யாருக்கோ பதினாறு நாள் துக்கம் காத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் எங்கேயோ இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அவர் வந்து வாசலில் நின்றால் என்று நீங்கள் கேட்டதைத்தான் நினைத்துக்கொண்டு இருக்கிறேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் தாழ்ப்பாளைத்தான் முதலில் பார்க்கிறேன். ஆனாலும் அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் 15ஆம் தேதி வாயைத் திறக்காதீர்கள்.

வேலம்மாள்


நெய்வேலி
19-8-1959

அன்புள்ள வேலுவுக்கு,

கோர்ட்டில் என்னை விட்ட அன்றைக்கு உன் வீட்டுக்கு வராமல் போனதற்கு நீ கோபமாக இருப்பாய். எலும்பு அவனுடையது இல்லை என்று தீர்ந்ததே தவிர, நான் அவனைக் கொல்லவில்லை என்று தீரவில்லை. அந்த மனசோடு உன் வீட்டுப் படி ஏற முடியவில்லை. ஒர்க்‌ஷாப்பில் வேலை திரும்பக் கிடைத்தும் கை ஓடவில்லை.

பேப்பரில் கேஸ் முடிந்த செய்தி வந்த பிறகு உறையூர்க் கொத்தனார் ஒருவர் என்னைத் தேடிவந்தார். பிச்சமுத்து மாதிரி ஒருவனை நெய்வேலியில் சுரங்க வேலைக்காரர்களுக்குச் சமைக்கிற கொட்டகையில் பார்த்ததாகச் சொன்னார். லீவு போட்டுவிட்டு வந்தேன். மூன்று நாள் கொட்டகை கொட்டகையாக அலைந்தேன். நேற்று மத்தியானம் பார்த்தேன்.

அவன்தான். உயிரோடு இருக்கிறான்.

பெரிய அண்டாவில் சாதம் வடித்துக்கொண்டு இருந்தான். என்னைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தான். நான் அடிக்க வந்திருப்பதாக நினைத்துவிட்டான். நான் விறகுக் கட்டுமேல் உட்கார்ந்துவிட்டேன். அப்படி அழுவேன் என்று நானே எதிர்பார்க்கவில்லை. அங்கே சாப்பிட உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள்.

கோலடி தோளில்தான் பட்டதாம். தண்ணீர் இழுத்துக்கொண்டு போய் ஒரு திட்டில் தள்ளியதாம். திரும்பி வந்தால் கொன்றுவிடுவேன் என்று பயந்து அப்படியே ரயிலேறிவிட்டானாம். இங்கே ஒருத்தியோடு இருக்கிறான். கைக்குழந்தை ஒன்று இருக்கிறது.

நான் கேட்டேன், "நான் உள்ளே கெடந்தது உனக்குத் தெரியுமா?"

கீழே கிடந்த கரண்டியை எடுத்துக்கொண்டே, "தெரியும். பேப்பர்ல போட்டிருக்குன்னு படிச்சுக் காட்டுனாங்க" என்றான்.

"என்னைத் தூக்குல போட்டிருந்தா?"

"வந்தா என்ன ஆவும்னு பயமா இருந்துச்சு மச்சான். நாளைக்குப் போவோம், நாளைக்குப் போவோம்னு இருந்தேன்."

முந்தின வேகம் ஒரு நிமிஷம் கைக்கு வந்தது. அந்தக் குழந்தை தவழ்ந்து வந்து அவன் காலைப் பிடித்தது. எழுந்து வந்துவிட்டேன்.

வேலு, நேற்று நன்றாகத் தூங்கினேன். அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் இந்தக் கடிதம் உன் தூக்கத்தைக் கெடுக்கும். நீ கூட்டிவரச் சொன்னால் கூட்டி வருகிறேன். எழுதி வாங்கச் சொன்னால் வாங்குகிறேன். உன் சொல்லுக்காக இங்கேயே காத்திருக்கிறேன்.

நல்லுசாமி


திருவானைக்காவல்
24-8-1959

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. படித்துவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டேன். மத்தியானம்வரை ஒன்றும் தோன்றவில்லை. வஹீதாதான், "என்ன, கல்லைத் தேய்ச்சுத் தேய்ச்சு இல்லாமப் பண்ணிட்டே?" என்று கேட்டாள். பார்த்தால் கையில் கல்லே இல்லை. அப்போதுதான் விஷயத்தைச் சொன்னேன்.

அவரைக் கூட்டிவர வேண்டாம். உங்களுக்குத் தூக்குக் கயிறு தொங்கும்போது சோறு வடித்துக்கொண்டு இருந்தவர் இனி எனக்கு யாரும் இல்லை. அந்தக் குழந்தைக்கு அப்பாவாக இருந்துவிட்டுப் போகட்டும். உயிரோடு இருக்கிறேன் என்று அவர் கையெழுத்தோடு ஒரு காகிதம் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள், வக்கீலிடம் கொடுக்க. வெள்ளைச் சேலையை நான் அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து கட்டப் போவதில்லை. தாலியும் கட்டப் போவதில்லை. தெருவில் என்ன பேசுவார்கள் என்று ரெண்டு நாள் யோசித்தேன். பேசட்டும்.

இன்னொரு சங்கதிக்காகத்தான் நீங்கள் சீக்கிரம் வர வேண்டும். போன வாரம் முசிறிப் பக்கத்திலிருந்து காளியாயி என்று ஒரு அம்மாள் வந்தாள். பேப்பரில் அந்த அண்ணத்துப் பல்லைப் பற்றிப் போட்டிருந்ததை யாரோ படித்துச் சொல்லியிருக்கிறார்கள். அவள் புருஷன் வெள்ளைச்சாமி. ஒரு ஜோடி காளையை ஓட்டிக்கொண்டு மணப்பாறைச் சந்தைக்குப் போனவர். அது 57ஆம் வருஷத்து ஐப்பசி. ஆளும் வரவில்லை, மாடும் வரவில்லை.

"பேசுறப்ப நாக்கு அதுல தட்டும்மா. 'சாமி'ன்னு சொல்ல வராது, 'தாமி'ம்பாரு. அவரு பேரையே அவரால சொல்ல முடியாது" என்றாள். சொல்லும்போது சிரித்துவிட்டாள். பிறகுதான் அழுதாள்.

ஸ்டேஷனுக்கு நான்தான் கூட்டிப் போனேன். மண்டை ஓட்டைத் திருப்பிக் காட்டினார்கள். அவள் விரலை உள்ளே விட்டு அந்தப் பல்லைத் தொட்டாள். வேறு எதுவும் கேட்கவில்லை. ரசீது மாதிரி ஒரு காகிதத்தில் கைநாட்டு வாங்கிக்கொண்டு மூட்டையாகக் கொடுத்துவிட்டார்கள். முந்தாநாள் கொள்ளிடத்தில் கரைத்தோம். அவர் பெயரைச் சொல்லாமலே நான் பதினாறு நாள் அழுததையும் அவளிடம் சொன்னேன். "யாரோ அழுதிருக்காங்கன்னாவது ஆச்சே" என்றாள்.

கரையேறும்போது அவள் கேட்டதுதான் எனக்கு ரெண்டு நாளாக உள்ளே கிடந்து குடைகிறது.

"உங்க அண்ணன் செய்யலேன்னு ஆயிடுச்சு. நல்லதுதாம்மா. ஆனா எங்க வீட்டுக்காரரு மண்டை பின்னால ஒடைஞ்சிருக்கே. அதை யாரு செஞ்சாங்கன்னு ஸ்டேஷன்ல யாருமே ஒரு வார்த்தை கேக்கலியே."

யோசித்துப் பார்த்தேன். உங்களை மாட்டவைக்க எத்தனை பேர், எத்தனை நாள் அலைந்தார்கள். நீங்கள் இல்லை என்று ஆனதும் மூட்டையைக் கட்டி அவள் கையில் கொடுத்துவிட்டார்கள். நானும் உங்களை மீட்டதும் போதும் என்று வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். அந்த மனுஷர் அங்கேயே கிடந்திருக்கிறார்.

வீரமலை பரிசல்காரர் அந்த ஐப்பசியிலும் அந்தத் துறையில்தான் இருந்தார். அன்றைக்கு ஒரு ஜோடிக் காளை ஆற்றைத் தாண்டியதா என்று அவரிடம் இதுவரை யாரும் கேட்கவில்லை. அவர் உங்களுக்கு எதிராகச் சாட்சி சொன்னவர். நான் தனியாகப் போய்க் கேட்டால் கதவைச் சாத்திவிடுவார். நீங்கள் வந்து கேட்டால் பேசுவார் என்று நினைக்கிறேன். உங்கள் முகத்தைப் பார்த்தால் அவருக்கும் ஏதாவது சொல்லத் தோன்றும்.

வருகிற திங்கட்கிழமை காலையில் காளியாயி வருகிறாள். வெள்ளைச்சாமி சாவை விசாரிக்கச் சொல்லிச் சகாயநாதன் ஐயா மனு எழுதி வைத்திருக்கிறார். அதே ஸ்டேஷன், அதே மேசை. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் போகிறேன். ஞாயிறு ரயிலுக்கே புறப்பட்டு வந்துவிடுங்கள்.

உங்கள் தங்கச்சி
வேலம்மாள்